அனுப்பும் படமும் வைக்கும் படமும்

இவ்வாரம் நம் கைக்கு எட்டிய கடிதங்களுள் கொக்குவிலிலிருந்து ஓர் அம்மையார் வரைந்துள்ள கடிதம், பல குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு விடயத்தைப் பற்றியது. அன்னாருடைய மகளின் திருமணம் நிறைவேறிய அன்றிரவே, படங்கள் யாவும் ரொறன்ரோவில் வாழும் தமையனாருக்கு வாட்ஸ்அப் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. திருமணத்திற்கு வர இயலாத தமையனார் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, வரவேற்பறைச் சுவரிலே மாட்டுவதற்கென்று இரண்டடி அகலத்தில் அச்சிடக் கொடுத்திருக்கிறார். அச்சாகி வந்த படத்திலே மணமகளின் முகம் மாப் பூசினாற்போல மங்கியும், கூறைச் சேலையின் சரிகை சதுரஞ் சதுரமாக உடைந்தும் காணப்பட்டனவாம். “விலை உயர்ந்த கைத்தொலைபேசியிலேதான் படம் பிடித்தோம். பழுது எங்கே நேர்ந்தது?” என்று அம்மையார் வினவுகின்றார்.

பழுது கைத்தொலைபேசியிலும் இல்லை, அச்சிட்டவரிடத்தும் இல்லை. படம் வழியிலே மெலிந்துவிட்டது. எவ்வாறு மெலிந்தது, எவ்வளவு மெலிந்தது என்பதை அறிந்துகொண்டால், எந்தப் படத்தை மெலியவிடலாம், எதனை மெலியவிடலாகாது என்பதும் தானே விளங்கும். ஆதலின் இவ்வாரம் அதனைச் சற்று விரிவாகவே எழுத எண்ணுகின்றோம். கணக்கு என்றவுடனே பக்கத்தைப் புரட்டிவிடும் நேயர்கள் உளர் என்பதை நாம் அறிவோம். பெருக்கல் வாய்பாட்டிற்கு அப்பாற்பட்ட கணக்கு இதிலே யாதும் இல்லையாதலால் அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை.

கைத்தொலைபேசியிலும் கணினியிலும் நாம் காணும் படம், நிறப் புள்ளிகளை நெருக்கமாக அடுக்கியமைத்த ஒரு கோலமே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. இப்புள்ளியையே பிக்சல் என்கின்றனர். 1957ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டுத் தேசிய நியமங்கள் பணியகத்திற் கடமையாற்றிய ரசல் கேர்ஷ் என்பவர், ஐந்து சென்ரிமீற்றர் சதுரமான ஒரு புகைப்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள்ளே செலுத்தினார். பக்கத்துக்கு 176 புள்ளிகளாக மொத்தம் 30,976 புள்ளிகள். நிறமில்லை, கறுப்பும் வெள்ளையுமே. படத்திலிருந்தவர் யார் தெரியுமா? மூன்று மாதக் குழந்தையாயிருந்த அவருடைய மகன். 2020ஆம் ஆண்டிலே தம் 91ஆவது வயதில் கேர்ஷ் காலமானார். பின்னர் 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி, கலிபோர்னியாவிலே பிலிப் கான் என்பவர், தம் மனைவி மகப்பேற்று மனையில் இருந்த வேளையிலே, ஒரு சிறு கமெராவையும் கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் இணைத்து, பிறந்த பெண் குழந்தையின் படத்தை உற்றார்க்கும் நண்பர்க்கும் அங்கிருந்தபடியே அனுப்பிவைத்தார். இவ்வரலாற்றின் இரண்டு பெரும் படிகளிலும் நிற்பவர்கள் தம் பிள்ளையை ஊருக்குக் காட்ட விழைந்த தகப்பன்மாரே என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனிக் கணக்கிற்கு வருவோம். இன்று சாதாரணமாகக் கையிலுள்ள தொலைபேசி, நீளப் பக்கத்தில் 4,000 புள்ளிகளும் அகலப் பக்கத்தில் 3,000 புள்ளிகளும் கொண்ட படத்தைப் பிடிக்கின்றது. இரண்டையும் பெருக்க ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகளாகும். புள்ளிக்கு மூன்று எண்களாக 3 கோடியே 60 இலட்சம் எண்கள். அஃதாவது 36 மெகாபைற். கைத்தொலைபேசி அதனை உள்ளேயே சுருக்கி மூன்று, நான்கு மெகாபைற்றளவில் வைத்துக்கொள்கின்றது. இதுவே மூலப் படம்.

வாட்ஸ்அப் வழியாக அதனைச் சாதாரண தரத்தில் அனுப்பும்போது நிகழ்வன இரண்டு. முதலாவதாகப் படத்தின் உருவளவு குறைக்கப்படுகின்றது. நீளப் பக்கம் சுமார் 1,600 புள்ளிகளாகவும் அகலப் பக்கம் அதற்கேற்ப 1,200 புள்ளிகளாகவும் ஆகின்றன. பலரும் இங்கேதான் தடுமாறுகின்றனர். 4,000 என்பது 1,600 ஆயிற்றென்றால் பாதிக்குச் சற்றுக் குறைந்தது, அவ்வளவுதானே என்று எண்ணுவர். நீளமும் அகலமும் சேர்ந்தே குறைகின்றன என்பதை மறந்துவிடலாகாது. காணியின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் எஞ்சுவது காற்பங்கு நிலமே. 1,600 இனை 1,200 ஆற் பெருக்க வருவது 19 இலட்சத்து 20 ஆயிரம். ஒரு கோடியே 20 இலட்சத்தில் இஃது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவானது. இரண்டாவதாக, எஞ்சிய இந்தப் புள்ளிகளும் மேலும் அழுத்திச் சுருக்கப்படுகின்றன. நாலு மெகாபைற்றாகப் புறப்பட்ட படம் சில நூறு கிலோபைற்றாகப் போய்ச் சேர்கின்றது.

நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சுத் தொழிலார் கொள்ளும் பொது அளவு. அதன்படி 1,600 புள்ளிகள் ஐந்தே கால் அங்குலத்துக்குப் போதும். தபாலட்டையளவில் அச்சிட்டிருந்தால் அந்தத் தமையனார் குறையேதும் கண்டிருக்கமாட்டார். அவர் இரண்டடியிலே, அதாவது 24 அங்குலத்திலே அச்சிட்டபோது அங்குலத்திற்குக் கிடைத்தவை 67 புள்ளிகள் மாத்திரமே. மூலப் படம் அவரிடம் இருந்திருப்பின் 167 புள்ளிகள் கிடைத்திருக்கும். சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்கும் படத்துக்கு அது தாராளம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சுருக்குதல் என்பதே தீமை என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். சுருக்கியனுப்புதல் ஒரு நாகரிகம் என்றே நாம் கூறுவோம். கோயிற் கொடியேற்றத்தன்று எடுத்த 40 படங்களை, நூறு பேர் அடங்கிய ஊர்க் குழுவொன்றுக்கு ஒருவர் மூலமாகவே அனுப்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். படம் ஒன்று நாலு மெகாபைற்றாக, ஆளொருவருக்கு 160 மெகாபைற். நூறு பேருக்கும் 16,000 மெகாபைற். மாத நடுவிலேயே டேற்றா தீர்ந்துபோகும் ஓய்வூதியக்காரரும், பழைய தொலைபேசி வைத்திருக்கும் ஆச்சியும் அக்குழுவில் இருப்பர். தொலைபேசி நிறைந்து, ‘இடமில்லை’ என்று அறிவிப்பு வந்ததும் ஆச்சி செய்வது யாது? பேரனைக் கூப்பிட்டு, “இதுக்குள்ள கிடக்கிறதுகளை அழிச்சுவிடு தம்பி” என்பார். பேரன் அழிக்கும்போது எது கொடியேற்றம், எது குடும்பப் படம் என்று பார்ப்பானா? அதே படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றும் 300 கிலோபைற்றாக அனுப்பினால் ஆளுக்கு 12 மெகாபைற்றோடு விடயம் முடிந்துவிடும். கைத்தொலைபேசித் திரையிற் பார்க்கும் கண்ணுக்கு இரண்டிற்கும் பேதம் தோன்றாது.

பேதம் தோன்றாமற் சுருக்குவது எங்ஙனம் என்பது சுவையான கதை. அதிலே நம்மவர் பங்கும் உண்டு. பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது என்பவர் அமெரிக்காவிலே கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். படத்தைச் சுருக்குவதற்குக் கோசைன் அலைகளைக் கொண்டு ஒரு கணித முறை வகுக்கலாம் என்று அவர் 1972ஆம் ஆண்டிலே ஆராய்ச்சிப் பணம் கேட்டு விண்ணப்பித்தார். பணம் கிடைக்கவில்லை. கருத்து மிகவும் எளிதானது என்று தள்ளிவிட்டனராம். கோடை விடுமுறையிலே ஊதியமின்றியே உழைத்து, தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974ஆம் ஆண்டு ஜனவரியில் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1986ஆம் ஆண்டிலே கூடிய அறிஞர் குழுவொன்று 1992இல் உலகுக்கு அளித்த ‘ஜேபெக்’ என்னும் படமுறை, அந்தக் கோசைன் கணிதத்தின் மேலேயே எழுப்பப்பட்டது. இன்று நாம் அனுப்பும் படங்களுட் பெரும்பாலன இம்முறையிலேயே செல்கின்றன.

முதலிலே, படத்தின் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே பிரிக்கின்றனர். மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுகிக் காணும். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அத்துணை நுணுகிக் காணாது. ஆகவே நிறத்தைப் பற்றிய விவரத்தைக் காற்பங்காகக் குறைத்துவிடினும் கண் முறையிடுவதில்லை. இதனாலேயே சுமை பாதியாகிவிடுகின்றது. அதன்பின் படத்தை எட்டுக்கு எட்டாகச் சிறு கட்டங்களாக வகுக்கின்றனர். கட்டமொன்றில் 64 புள்ளிகள். அகமது அவர்களின் கணிதப்படி, எந்தக் கட்டத்தையும் 64 அடிப்படைக் கோலங்களின் கலப்பாகக் கூறலாம். வெறும் வானம் அடங்கிய கட்டமாயின் முதற் கோலம் ஒன்றே போதும்; ஏனைய 63உம் ஏறத்தாழச் சுழியமே. கூந்தலோ சரிகையோ அடங்கிய கட்டத்துக்குப் பல கோலங்கள் வேண்டும்.

அடுத்து வருவதே ஆபத்தான படி. கல்லூரியிலே மாணவருக்கு நாம் இதனைக் காசுக் கணக்கைக் கொண்டு விளக்குவதுண்டு. கடைக்காரர் ஒருவர் பேரேட்டிலே 12 ரூபா 37 சதத்தை 12 ரூபா என்று எழுதிவிடுகின்றார். 40 சதத்தைச் சுழியம் என்று விடுகின்றார். பேரேடு மெலிகின்றது, கூட்டல் எளிதாகின்றது. விட்ட சதங்களைப் பின்னொருநாள் அப்பேரேட்டைப் பார்த்தே மீட்க முடியுமா? முடியாது. ஜேபெக் முறையும் அவ்வாறே கட்டத்தின் நுண்ணிய எண்களைக் கைவிடுகின்றது. தரத்தைக் குறைக்கக் குறைக்கச் சதங்களோடு ரூபாக்களும் போகும். அளவு மீறினால் எட்டுக்கு எட்டுக் கட்டங்களின் ஓரங்களே வெளித்தோன்றும். கூறைச் சேலையிலே தமையனார் கண்ட சதுரங்கள் அவையே.

எஞ்சிய எண்களைக் குறியீடுகளாகக் கட்டும் இறுதிப் படிக்குப் பெரிதும் பயன்படுவது ஹஃப்மன் என்பவர் கண்ட முறை. அவர் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்தபோது, ஆசிரியர், இறுதிப் பரீட்சை எழுதலாம், அல்லது கட்டுரையொன்று சமர்ப்பிக்கலாம் என்றாராம். பரீட்சையைத் தவிர்க்க எழுதிய அக்கட்டுரையே 1952ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பரீட்சையை ஒத்திவைக்கும்படி மனுக் கொடுக்கும் நம் மாணவர்களுக்கு இக்கதையை நாம் கூறுவதில்லை.

இம்முறையிற் சுருங்கிய படத்தை மீண்டும் திறந்து, ஓரங்களை வெட்டி அல்லது நிறத்தைத் திருத்திச் சேமித்தால், மறுபடியும் சதங்கள் சில உதிர்கின்றன. ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கும், அங்கிருந்து திரைப்பிடிப்பாக வேறொன்றுக்கும் படம் போகப் போகத் தேய்வு கூடிக்கொண்டே போகும். ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் பிரதிக்குப் பிரதி பிழை சேர்த்த கதையை நேயர்கள் அறிவர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள், வெவ்வேறிடத்து ஏடுகளை ஒப்புநோக்கி, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றிலிருந்து நிரப்பினார்கள். வாட்ஸ்அப்பில் நூறு வீடுகளுக்குப் போன படத்தை நூறு வீடுகளிலிருந்தும் திரட்டினாலும், நூறிலும் குறைவது ஒரே இடமே. ஒப்புநோக்குவதற்குப் பாடபேதமே இல்லை.

“இப்பொழுது செயற்கை நுண்ணறிவு மங்கிய படத்தையும் தெளிவாக்குகின்றதே” என்று நேயர் சிலர் கேட்கக்கூடும். தெளிவாக்குவது உண்மை. ஆனால், போன புள்ளிகளை அது தேடிக் கொணர்வதில்லை. எண்ணற்ற பிறர் முகங்களைப் பயின்ற அனுபவத்தைக்கொண்டு, இங்கே இமை இப்படி இருக்கலாம், பல் இப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றது. அயலில் ஒரு வீட்டிலே காலஞ்சென்ற மாமியாரின் படத்தை இவ்வாறு தெளிவாக்கியபோது, அம்மையாருக்கு இறுதிக் காலத்தில் இல்லாத பல் வரிசையொன்று தோன்றிவிட்டது. பிள்ளைகள் சிரித்தனர், மூத்த மகள் மாத்திரம் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஆரோ” என்று திருப்பிக் கொடுத்தார்.

நம் நாட்டிலே, சிறப்பாக வடக்கிலும் கிழக்கிலும், இவ்விடயம் பொழுதுபோக்குக்காரரின் கவலையாக மாத்திரம் இருக்க முடியாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசலை விட்டு நடந்தபோது, கையில் எடுத்தவை பிள்ளைகளும், காணி உறுதியும், பிறப்புச் சான்றிதழும், மாற்றுடையுமே. அல்பங்கள் அலுமாரியில் இருந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லாத வீடுகள் பல. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கரையோரக் குடும்பங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. அதன்பின் நம்மவர்கள் தாய் தந்தையரின் திருமணப் படத்தை எவ்வாறு மீட்டார்கள்? பல ஆண்டுகளுக்கு முன் விமானத் தபாலிலே லண்டனுக்கோ கொழும்புக்கோ அனுப்பிவைத்த பிரதியை அங்குள்ள உறவினர் பேணி வைத்திருந்தமையால் மீட்டார்கள். ஸ்ரூடியோக்காரர் கழுவிக் கொடுத்த அப்பிரதி, வீட்டிலிருந்த பிரதிக்குத் தரத்தில் ஒரு மாற்றும் குறைந்ததன்று. இரண்டும் ஒரே நெகட்டிவின் பிள்ளைகள்.

இன்று அந்தச் சமன்பாடு மாறிவிட்டது. ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் படங்கள் முன்னிலும் நூறு மடங்கு போகின்றன. போவதெல்லாம் மெலிந்த படம். மூலமோ, ஒருவருடைய சட்டைப்பையில் இருக்கும் ஒரே தொலைபேசியிலே இருக்கின்றது. அத்தொலைபேசி கிணற்றில் விழுந்தாலும், களவு போனாலும், புதியது வாங்கிப் பழையதைக் கடையிற் கொடுத்தாலும், எஞ்சுவது உறவினரிடமுள்ள 1,600 புள்ளிப் படமே. அதுவும், அவருடைய தொலைபேசியில் இடமிருந்து, அவர் அழிக்காமல் இருந்தால்.

இதன் விளைவை அச்சகத்தார் நன்கறிவர். வீட்டிலே ஒரு பெரியவர் காலமானதும், 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும். அட்டையிலே படம் வேண்டும். பிள்ளைகள் தேடுகின்றனர். பெரியவர் தனித்து நின்று எடுத்த படம் ஒன்றும் அகப்படுவதில்லை. நம் வீடுகளிலே தகப்பன்மார் படம் எடுப்பிப்பார்களேயன்றித் தாம் முன்னே நிற்பது அரிது. ஈற்றிலே யாரோ ஒருவருடைய கல்யாண வீட்டிலே பத்துப் பேரோடு வரிசையாக நின்ற படம் ஒன்று, குடும்பக் குழுவுக்குள்ளிருந்து கிடைக்கின்றது. கணக்கிட்டுப் பாருங்கள். 1,600 புள்ளி அகலத்திலே பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 160 புள்ளி. முகத்துக்கு 80 புள்ளி. அம்முகத்தைக் கல்வெட்டின் அட்டையிலே இரண்டங்குல அகலத்தில் வைத்தால் அங்குலத்திற்கு 40 புள்ளிகள் கிடைக்கும். நெற்றியிலே திருநீறு இருக்கின்றதா, ஒளி பட்டதா என்று பிரித்தறிய இயலாது. மூலப் படம் கிடைத்திருந்தாலோ முகத்துக்கு 200 புள்ளி, அங்குலத்துக்கு 100. அதுவும் சிறந்ததன்று, எனினும் முகம் முகமாகத் தெரியும். இதே நிலையிற் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் பிள்ளைகளிடம், “வேறு படம் இல்லையோ?” என்று கேட்கவேண்டிய நிலைக்கு அச்சகத்தார் அடிக்கடி ஆளாகின்றனர்.

ஆகவே செய்ய வேண்டுவது யாது? அனுப்புவதற்கு ஒன்று, வைப்பதற்கு ஒன்று என்று படங்களை இரு வகையாகக் கொள்ளுதலே. எல்லாப் படங்களையும் பேண வேண்டுவதில்லை. மதிய உணவின் படமும், பூனையின் படமும் மெலிந்தே போகட்டும். ஆண்டொன்றுக்கு நூறோ இருநூறோ படங்களே ஒரு குடும்பத்தில் மூலமாக இருக்கத் தக்கவை. அவற்றைத் தெரிந்து, தொலைபேசியிலிருந்து கணினிக்கோ வெளி வன்தட்டுக்கோ கம்பி வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிரதி இரண்டாவது இருத்தல் நன்று. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இல்லாதிருத்தல் அதனினும் நன்று. கூகிள் நிறுவனம் கட்டணமின்றித் தரும் 15 கிகாபைற் இடம் ஏறத்தாழ 3,700 மூலப் படங்களை ஏற்கும். ஆயினும் 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் மின்னஞ்சலும் படங்களும் அதே இடத்தையே பகிர்கின்றன. அங்கே சேமிக்கும்போது ‘மூலத் தரம்’ என்னும் தெரிவை இட வேண்டும். இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்: அச்செயலிக்குள்ளே ஒரு படத்தை அழித்தால், தொலைபேசியில் மாத்திரமன்றி அங்குள்ள பிரதியும் அழிவுக்குரியதாகிவிடும்.

மூலத்தையே உறவினருக்கு அனுப்ப வேண்டுமாயின் வாட்ஸ்அப்பிலும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டு முதல் படத்தை அனுப்பும் திரையிலே ‘எச்.டி.’ என்றொரு தெரிவு இருக்கின்றது. அதனை அழுத்தினால் பெரிய அளவிலே செல்லும். எனினும் சிறிது சுருங்கியே செல்லும். எள்ளளவும் மாறாமற் செல்ல வேண்டுமாயின், படமாக அனுப்பாது ‘டொக்கியுமென்ற்’ என்னும் வழியாகக் கோவையாக அனுப்புதல் வேண்டும். கொக்குவில் அம்மையார் செய்யத்தக்கது இதுவே. படம் பிடித்த தொலைபேசியில் மூலம் இன்னும் இருக்குமாயின், அந்த ஒரு படத்தை மாத்திரம் இவ்வாறு மறுபடி அனுப்பிவிடட்டும். திருமணத்துக்குப் படப்பிடிப்பாளர் ஒருவரையும் ஒழுங்கு செய்திருப்பின், அவருடைய மூலங்களை இப்பொழுதே கேட்டு வாங்குதல் நலம். அல்பத்தைக் கையளித்த பின்னர் ஆண்டுக்கணக்காக அவற்றை வைத்திருக்கும் கடமை அவருக்கில்லை.

கணினியிலே தாமாகச் சுருக்க விழைவோருக்குச் சில சொற்கள். விண்டோஸ் கணினிகளிலுள்ள பெயின்ற் செயலியே இதற்குப் போதும். சற்று நுணுக்கம் வேண்டுவோர் விலையின்றிக் கிடைக்கும் ஜிம்பையோ இர்ஃபான்வியூவையோ நாடலாம். முதலில் உருவளவைக் குறைத்து, அதன்பின்னரே தரத்தைக் குறைக்க வேண்டும். திரையிற் பார்ப்பதற்கு நீளப் பக்கம் 1,600 அல்லது 2,000 புள்ளி போதும். தரம் என்னும் எண்ணை 100இல் வைப்பது வீண் சுமை. 80ஐ அடுத்து வைத்தால் கண் குறை காணாது. 50க்குக் கீழே வானமும் வெள்ளைச் சுவரும் கட்டங்கட்டமாக உடையத் தொடங்கும். சுருக்கியதை வேறு பெயரிற் சேமிக்க வேண்டும். பழைய பெயரிலேயே சேமித்தால், மூலத்தின் மேலேயே மெலிந்த படம் ஏறிக்கொள்ளும். பின்பு மீட்க வழியில்லை. மறுபடியும் வேறோர் அளவில் வேண்டுமாயின் சுருக்கியதை மீண்டும் சுருக்காது, மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும். எழுத்துகள் நிறைந்த அழைப்பிதழையும் அறிவித்தலையும் ஜேபெக் முறையிலே அழுத்தினால், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போலத் தோன்றும். அவற்றுக்கு எதனையும் கைவிடாது சுருக்கும் பி.என்.ஜி. முறையே உகந்தது.

மூலத்தை அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை. கைத்தொலைபேசி படம் பிடிக்கும்போதே திகதி, நேரம், அமைப்பை மாற்றாதிருப்பின் இடத்தின் அகலக்கோடு நெடுங்கோடு ஆகியவற்றையும் படத்தோடு மறைவாக எழுதி வைக்கும். வாட்ஸ்அப்பிலே சாதாரண படமாகச் செல்லும்போது இக்குறிப்பு நீக்கப்படுகின்றது. கோவையாகவோ மின்னஞ்சலிலோ சென்றால் அப்படியே போகும். உடன்பிறந்தாருக்கு அனுப்புவதில் தீங்கில்லை. முன்பின் அறியாதவர்களுக்கு, சிறப்பாகக் கல்யாணத் தரகர்களுக்கும் இணைய விளம்பரங்களுக்கும் பெண்பிள்ளைகளின் படத்தைக் கொடுப்போர், சுருக்கிய பிரதியையே, அதுவும் இடக்குறிப்பு நீக்கியதையே கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று எடுத்த படமாயின், அதனோடு வீட்டுக்கு வழியும் சொல்லிக் கொடுத்ததாகும்.

இவ்வளவும் புதிய படங்களைப் பற்றியவை. அல்பத்தில் இன்னும் எஞ்சியுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பலர் மேசையில் வைத்துத் தொலைபேசியாற் படம் பிடித்து அனுப்புகின்றனர். அவசரத்துக்கு அது ஆகலாம். ஆனால் மேலே மின்விளக்கின் ஒளி பளபளக்கும், ஓரம் கோணும். ஸ்கானர் உள்ள இடத்திலே கொடுத்து, அங்குலத்திற்கு 600 புள்ளி என்று கேட்டு எடுப்பித்தல் வேண்டும். இரண்டங்குலத்துக்கு மூன்றங்குலமான சிறு படமும் அப்பொழுது 1,200க்கு 1,800 புள்ளியாக அமைந்து, தபாலட்டையளவுக்குக் குறையின்றி வளரும். படத்தின் பின்புறத்தையும் ஒருமுறை எடுப்பித்துக்கொள்ளுங்கள். நிற்பவர் இன்னார், இருப்பவர் இன்னார் என்றும், ஸ்ரூடியோவின் முத்திரையும், ஆண்டும் பென்சிலால் எழுதப்பட்டிருப்பது அங்கேதான்.